கடைசிப் பக்கங்களை எண்ணிய ஒய்யம்மாள்

ஒய்யம்மாள் என்ற பேரை ரஹ்மத் பீவி முதன்முதலாகக் கேட்டது ஓர் ஐப்பசி மாத மதியத்தில். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பஜாரில் ரஹ்மத் பீவி குடும்பத்துக்கு ஜெராக்ஸ் கடை. முன்பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், பின்பக்கம் பைண்டிங். அன்றைக்குக் கல்லூரி நூலகத்துப் புத்தகங்களைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த அவள் கணவர் பஷீர் அகமது, குடையை உதறி மூலையில் சாத்திக்கொண்டே சொன்னார்.

"லைப்ரரிக்குப் புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க. நம்ம குடுத்த புத்தகத்தையெல்லாம் பிரிச்சு, தையல் நூலை இழுத்து இழுத்துப் பாத்துட்டுத்தேன் கையெழுத்துப் போட்டாங்க. பேரு ஒய்யம்மாளாம்."

"எந்த ஊரு ஒய்யம்மா?"

"ஆடலூருக்குக் கீழன்னாங்க. அப்பா பேரு மாயன்."

ரஹ்மத் பீவி பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். பழனியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் அவளை. ஆனால் ஒரு பேரைக் கொடுத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை ஏறி இறங்கி வந்துவிடுவாள். மாயன் என்றதும் அவளுக்கு மாமனார் காலத்துக் கடை கண்ணுக்கு வந்தது. அப்போது அது மலைச்சரக்குக் கடை. மாயன் மலைக்காட்டுப் பளியர் குடி. கல்பாசியும் கடுக்காயும் தேனும் கொண்டுவருவார். மூட்டையை இறக்கியதும் ஒரு வார்த்தை பேசமாட்டார். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறக்கும். மூத்த பிள்ளை காய்ச்சலில் போனது. அடுத்த பெண்ணைப் பண்ணைக்காட்டில் ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னார்.

"அந்த ரெண்டாவது பிள்ளைதேன்" என்றாள். "அவ அத்தைய தாண்டிக்குடிப் பக்கம் குடுத்திருந்தாக."

"உனக்கு இந்த ஞாபகத்துல பாதி பசை காய்ச்சுறதுல இருந்தா நல்லாருக்கும்" என்றார் பஷீர். அடுப்பில் மைதாப் பசை அடிப்பிடித்திருந்தது.

அடுத்த வாரம் ஒய்யம்மாளே கடைக்கு வந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். உயரம் கம்மி, நடை வேகம், சேலைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர். ரஹ்மத் பீவி வந்தவரை உட்காரக்கூடச் சொல்லாமல், மாயனில் ஆரம்பித்து அத்தை, அத்தை வீட்டுக்காரர், அவர் கொழுந்தன் என்று போய்க்கொண்டே இருந்தாள்.  ஒய்யம்மாள் சிரித்தார்.

"காலேஜுல பத்து வருஷம் உக்காந்தாலும் ஒருத்தரும் இதைக் கேக்க மாட்டாங்கம்மா. பேரைக் கேட்டு சிரிக்கிறதோட சரி. நீங்க ரெண்டு நிமிஷத்துல எங்க தாத்தா வரைக்கும் போயிட்டீங்க."

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேகம் இறங்கி எதிர்க்கடை மறைந்துபோகும்போது, அந்த ஸ்வெட்டர் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வரும். ரஹ்மத் பீவி இன்றைக்கும் அந்த மதியங்களை நினைத்தால் கை வேலையை விட்டுவிடுவாள். அட்டைக்கு ஒட்டுகிற காலிக்கோ துணி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட பசையின் வாடை, ஏலக்காய் டீ, பேச்சு. அப்படிப் பேச ஓர் ஆள் அவளுக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

மலைப்பயிரும் தாவரவியலும் சொல்லிக்கொடுக்கிற தனியார் கல்லூரி அது. நூலகத்துக்கு நாற்பத்திரண்டு ஆய்வுப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வருகிறவை. சந்தாவெல்லாம் ஏறிப்போச்சு, இருபதாகக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகக் கமிட்டி சொல்லிவிட்டது. ஒவ்வொரு பேராசிரியரும் தன்னுடையதைத் தொடாதே என்றார். யார் சத்தம் பெரிதோ அவர் பத்திரிகை தங்கும், இதுதான் வழக்கம்.

ஒய்யம்மாள் அங்கே தற்காலிகம். வந்து இரண்டு வருஷம் ஆகியும் வேலை மாதா மாதம் கையெழுத்துப் போட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கமிட்டியில் ஒன்று சொன்னார். "யாரையும் கேக்க வேண்டாங்க சார். பிள்ளைக எழுதுன ஆய்வேட்டையே கேப்போம்." இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் செய்வதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் கமிட்டித் தலைவர்.

"ஆய்வேடு எப்படித் தாயி பேசும்?" என்று ரஹ்மத் பீவி கேட்டாள்.

ஒய்யம்மாள் பின்பக்கம் கிடந்த ஓர் ஆய்வேட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பிரித்தார். "நீங்க தைக்கிறீங்களே, இந்தக் கடைசிப் பக்கம் என்னன்னு தெரியுமா? எந்தெந்தப் பத்திரிகையில எந்தக் கட்டுரையப் படிச்சு இத எழுதினேன்னு ஒவ்வொண்ணாச் சொல்லணும். எழுதுனவர் பேரு, வருஷம், பத்திரிகை, பக்கம். பத்து வருஷத்து ஆய்வேடு அறுபத்து நாலு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் எந்தப் பத்திரிகை பேரு வருதுன்னு எண்ணுனா, நம்ம பிள்ளைகளுக்கு எது சோறு போட்டுச்சுன்னு தெரிஞ்சுபோயிரும்."

"நிக்காஹ் பேசும்போது யாரு வீட்டு ஆளுன்னு கேக்குற மாதிரி."

"அதேதாம்மா. ஆனா இதுல எழுத்துல இருக்கு. மாத்திப் பேச முடியாது."

அந்தக் கடைசி வார்த்தையை ஒய்யம்மாள் நம்பித்தான் சொன்னார்.

மூன்று மாதம் எண்ணினார். கடையில் வீணாய்க் கிடந்த பழைய காலண்டர் தாள்களின் முதுகில் கட்டம் போட்டு, பத்திரிகை பேரை இடப்பக்கம் எழுதி, ஓர் ஆய்வேட்டில் வந்தால் ஒரு கோடு. நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. பக்கத்தில் வருஷத்தையும் குறித்தார். எந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பிள்ளைகள் தேடுகிறார்கள், எதன் புது இதழ் மட்டும் போதும் என்பது அதில் தெரியுமாம். எண்ணி முடித்தபோது பன்னிரண்டு பத்திரிகைகளிடமே முக்கால்வாசிக் கோடுகள் இருந்தன. மிச்சமெல்லாம் சேர்ந்து கால்வாசி.

எல்லாவற்றுக்கும் மேலே, முப்பத்தொரு கோட்டோடு, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. வேடிக்கை என்னவென்றால் அது கல்லூரியில் வாங்கியதே இல்லை. அட்டை என்ன நிறம் என்றுகூட அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"பாவம்மா பிள்ளைக" என்றார் ஒய்யம்மாள். "நம்மகிட்ட இல்லாததுனால வெள்ளனே பஸ் ஏறி மதுரைக்குப் போயிப் படிச்சிருக்கு. நானும் அப்படித்தேன். படிக்கிறப்ப காலையில வத்தலக்குண்டு போயி, அங்கிருந்து மதுரை போயி, நாலு பக்கம் குறிச்சிக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள ராத்திரி ஆயிரும். இனிமே ஒரு பிள்ளையும் அப்படிப் போகக் கூடாது. இத வாங்க வைக்கிறேன்."

அதன் சந்தா ஒன்றே பதினைந்து சின்னப் பத்திரிகைகளின் சந்தாவை விழுங்கிவிடும். ஆகவே பட்டியலின் அடியில் இருந்தவை போக வேண்டியதாயிற்று. அவற்றில் ஒன்று 'குன்றுப்பயிர்'. மிளகு, காபி, ஆரஞ்சு, மலைவாழை பற்றித் தமிழில் வருகிற காலாண்டிதழ். அதற்கு மூன்றே கோடு. இருபத்தாறு வருஷத்து இதழ்களும் பஷீர் கையால் தைத்து நூலகத்தில் இருந்தன. சனிக்கிழமை சந்தைக்கு வருகிற ஆடலூர்ப் பக்கத்து விவசாயிகள்கூட வந்து அதைப் புரட்டிவிட்டுப் போவார்கள். நிறுத்துகிற பத்திரிகையின் பழைய தொகுதிகளும் பழைய பேப்பருக்குப் போய்விடும், அலமாரி வேண்டுமே. அதைப் பட்டியலில் அடிக்கும்போது ஒய்யம்மாள் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பிடிச்சதுன்னு வச்சா, அப்புறம் அந்தப் பேராசிரியர்களுக்கும் எனக்கும் என்னம்மா வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு அடித்தார்.

பட்டியலைக் கமிட்டிக்குக் கொடுத்தாயிற்று, திங்கட்கிழமை கூட்டம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் போயிருந்த நேரத்தில், ரஹ்மத் பீவி ஒரு புது ஆய்வேட்டுக்குப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பக்க எண்ணையும், தாள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் வைத்துத்தான் அடுக்குவாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி மட்டும் விரற்கடை அளவு வலப்பக்கம் தள்ளி நின்றது. இந்தப் பக்கத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. முதுகு பிய்ந்து மறுதையலுக்கு வந்திருந்த ஆறு வருஷத்துப் பழைய ஆய்வேடு பக்கத்தில் கிடந்தது. பிரித்தாள். அதே பக்கம். அதே வரி, அதே விரற்கடை.

மகன் வாசிம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்ததும் இரண்டையும் அவன் முன்னால் வைத்தாள்.

"ஏலே வாசிம், இது என்னாலே?"

வாசிம் பார்த்தான். "ரெஃபரன்ஸ் ஃபைலும்மா."

"அப்படின்னா?"

"கடைசி நாள்ல ஓடி வருவாய்ங்கள்ல, நாளைக்கு சப்மிட் பண்ணணும்ணே, வெரசாப் போடுங்கண்ணேன்னு. எல்லாம் இருக்கும், கடைசிப் பக்கம் மட்டும் இருக்காது. செந்தில்வேலுன்னு ஒரு அண்ணன் முன்னாடி அவரு ஆய்வேட்ட இங்க குடுத்து டைப் பண்ணாரு. பெங்களூர்ல தங்கிப் படிச்சு எழுதினவரு. அவரு லிஸ்ட்டு நம்ம கம்ப்யூட்டர்ல கெடக்கு. அதை எடுத்து ஒட்டி விட்டுருவேன். ஏலக்காயப் பத்தி எழுதுனாலும் அதுதேன், காபியப் பத்தி எழுதுனாலும் அதுதேன்."

"எத்தனை பேருக்குலே ஒட்டியிருக்க?"

"யாரு எண்ணுனா? கேக்குறவுகளுக்கெல்லாம்தேன். கடைசிப் பக்கத்த எவன்மா படிக்கப் போறான்?"

"ஒருத்தி படிச்சிருக்காடா" என்றாள் ரஹ்மத் பீவி. "மூணு மாசமா அதை மட்டுந்தேன் படிச்சிருக்கா."

வாசிமுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. 

பஷீர் அகமதுக்கு இதில் இரண்டாம் பேச்சே இல்லை. "நமக்கு எதுக்கு அந்தச் சோலி? நீ போயிச் சொன்னா பஜார்ல என்ன பேசுவாங்க? பாய் கடையில படிப்பையே ஒட்டிக் குடுக்கிறாங்கன்னு பேசுவாங்க. அப்புறம் ஒரு தாள் ஜெராக்ஸ் எடுக்க வருவானா ஒருத்தன்? அந்தம்மாவுக்கும் என்ன நட்டம்? திங்கக்கிழமை கமிட்டியில அந்த லிஸ்ட்ட ஏத்துக்கப் போறாங்க, வேலை நிரந்தரம் ஆகப் போகுது. வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுதேன் அதுக்கும் நல்லது."

அவர் சொன்னது தப்பில்லை. ரஹ்மத் பீவி ஒருநாள் முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் ஒய்யம்மாளின் மூன்று மாத வேலை பாழ், கையில் வரப்போகிற நிரந்தரமும் போகலாம். சொல்லாவிட்டால் வேலை கிடைக்கும். ஆனால் கல்லூரிக்கு அந்த வெளிநாட்டுப் பத்திரிகை வரும், ஒருவரும் தொடமாட்டார்கள், வருஷா வருஷம் தொடமாட்டார்கள். என்றைக்காவது எவராவது ஏன் என்று கேட்பார். அன்றைக்கு வாசிமின் பேரையோ செந்தில்வேலின் பேரையோ யாரும் எடுக்கப்போவதில்லை. காட்டிலிருந்து வந்ததுக்கு வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். அதை நினைத்ததும் அவளால் உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் பர்தாவைப் போட்டுக்கொண்டு, இரண்டு ஆய்வேட்டையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து நூலகத்துக்குப் போனாள். அவள் தைத்த புத்தகங்கள் பத்தாயிரம் அங்கே இருக்கும். அவள் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. மேசையில் இரண்டையும் பிரித்து வைத்தாள். உட்காராமல், ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

ஒய்யம்மாள் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பனைப் போலவேதான், பேச நேரம் ஆயிற்று.

"அப்ப ஒருத்தரும் மதுரைக்குப் போகலையாம்மா?"

"போகல தாயி."

"நான் என்னைய வச்சே எல்லாரையும் நினைச்சிட்டேன்" என்றார். "அதே பதினோரு பத்திரிகைப் பேரு ஆய்வேட்டுக்கு ஆய்வேடு ஒரே வரிசையில வந்தத என் கண்ணு பாத்துச்சும்மா. ஒரே வாத்தியார் சொல்லிக்குடுத்திருப்பாருன்னு விட்டுட்டேன்."

"எங்க கடைய நீ என்ன வேணாலும் சொல்லு தாயி. நான் அதுக்குத் தயாராத்தேன் வந்தேன்."

"கடை இருக்கட்டும். யார் யாருக்கு உங்க மகன் ஒட்டுனாருன்னு தெரியணும். நாளைக்கு ஒரு நாள்தேன் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். வாசிமின் கம்ப்யூட்டரில் கடைசி நான்கு வருஷத்துக் கோப்புகள்தான் இருந்தன. அதற்கு முந்தினவை பழைய பெட்டியோடு போய்விட்டன. மிச்சத்தை ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்க்க ஒரு நாள் போதாது, அதற்கு ரஹ்மத் பீவிதான். ஒய்யம்மாள் ஆய்வேட்டுப் பேரை வாசிக்க வாசிக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கோகுல்."

"எந்த கோகுலு? பண்ணைக்காட்டுல பூண்டு வியாபாரம் பண்றவர் மகனா? அவன் கடைசி நாள்தேன் வந்தான். அவுக அக்காவுக்கு அன்னைக்கு வளைகாப்பு, அந்த முறுக்கக் குடுத்துட்டுத்தேன் வேலையச் சொன்னான். ஒட்டுனதுதேன்."

"காவ்யா."

"தாண்டிக்குடி ஜீப்காரரு மக. ஒருநாளும் அவசரப்பட்டு வராது. பத்து நாளைக்கு முன்னாடியே எல்லாத்தையும் கையில எழுதிக் கொண்டுவந்துச்சு. அது சொந்தம்."

"விக்னேஷ்."

"வட்டக்கானல்ல ரூம் வாடகைக்கு விடுறாகளே, அவுக தங்கச்சி மகன். டைட்டிலயே நம்ம வாசிமத்தேன் வைக்கச் சொன்னான்."

பஷீர் அகமது முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கல்லாவில் இருந்தார். பத்தாவது பேருக்குப் பிறகு அவரும் எழுந்து வந்து, "அது அவன் தங்கச்சி மகன் இல்ல, கொழுந்தியா மகன்" என்று திருத்த ஆரம்பித்தார். "ஒட்டுனானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள் ரஹ்மத் பீவி. சந்தேகம் வந்தவற்றை மட்டும் ஒய்யம்மாள் அந்தத் தள்ளி நின்ற வரியை வைத்துப் பார்த்துக்கொண்டார். அவள் சொன்னதில் இரண்டுதான் பிசகியது.

முப்பத்தொன்றில் இருபத்தேழு கோடு அழிந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு மிஞ்சியது நான்கு. மேலே இருந்த பன்னிரண்டில் ஐந்து கீழே இறங்கின. ஆனால் 'குன்றுப்பயிர்' அதே மூன்றிலேயே நின்றது. ரஹ்மத் பீவிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அது ஏறும்னு நினைச்சேன்."

"எப்படிம்மா ஏறும்? தமிழ்ப் பத்திரிகைய லிஸ்ட்டுல போட்டா கைடா இருக்குற பேராசிரியர் அத வெட்டிருவாரு. படிக்கிறது இதை, பேரு போடுறது அதை."

"நம்ம கல்யாணப் பத்திரிகை மாதிரிதேன்" என்றார் பஷீர். "பந்தல்ல நின்னு பந்தி பாக்குறவன் ஒருத்தன். அச்சுல வர்றது பழனியில இருக்குற பெரிய கடைக்காரன், அவன் வரவே மாட்டான்."

ஒய்யம்மாள் அதற்குச் சிரித்தார். பிறகு பையிலிருந்து நூலக வாசிப்பறைப் பதிவேட்டை எடுத்தார். யார் எந்தப் பத்திரிகையை எடுத்து உட்கார்ந்தார்கள் என்று கையெழுத்தோடு இருக்கும். மேற்கோள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அதையும் தனியாக எண்ணி வைத்தார். அந்த வருஷம் மட்டும் 'குன்றுப்பயிர்' இருநூற்றுப் பன்னிரண்டு தடவை எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு எண்ணையும் ஒன்றாகக் கலக்கவில்லை. "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன். பாக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை நடந்ததை அவர் வாயாலேயே அன்று சாயங்காலம் ரஹ்மத் பீவி கேட்டாள். போன வாரம் கொடுத்த பட்டியல் தப்பு, பல ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்கள் ஒரே பட்டியலைக் கடையில் எடுத்து ஒட்டியவை, அதைக் கவனிக்காதது என் பிழை என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். எந்தக் கடை என்று கேட்டதற்கு, "கடை ஒட்டுச்சு சார், அதச் சரின்னு கையெழுத்துப் போட்டது நம்ம காலேஜு" என்றாராம்.  பேராசிரியர் ஒருவர், "எண்ணவே தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்றிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"எண்ணத் தெரிஞ்சதுனாலதேன் சார் கண்டுபிடிச்சேன்னேன்."

வெளிநாட்டுப் பத்திரிகையை வாங்கவில்லை. அந்த இடத்தில் சின்னப் பத்திரிகைகள் தப்பின, 'குன்றுப்பயிரும்' தப்பியது. இருபத்தாறு வருஷத்துத் தொகுதியும் அலமாரியிலேயே நின்றது. ஒய்யம்மாளை நிரந்தரம் செய்யவில்லை. தப்பாக ஒரு பட்டியல் கொடுத்தார் என்று கோப்பில் எழுதி வைத்தார்கள். வாசிம் அந்த ஃபைலை அழித்தான். அடுத்த வருஷம் பையன்கள் வந்து கேட்டபோது, "மேல லைப்ரரிக்குப் போங்க, அந்தம்மா அரை மணி நேரத்துல சொல்லிக்குடுப்பாங்க" என்று ரஹ்மத் பீவியே விரட்டினாள். போனவர்கள் போனார்கள். போகாதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

அதற்கப்புறமும் நாலு வருஷம் ஒய்யம்மாள் தற்காலிகமாகவே அங்கே இருந்தார், மதியத்தில் டீக்கு வந்துகொண்டும் இருந்தார். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தாளை மலைக்குக் கீழே இருந்து வந்த ஒரு பெண்கள் கல்லூரி முதல்வர் பார்த்துவிட்டு, எங்கள் நூலகத்துக்கும் இப்படிச் செய்து தர முடியுமா என்று கேட்டார். ஒய்யம்மாள் செய்து கொடுத்தார். அங்கேயே வேலைக்கு வரச் சொன்னபோது கோப்பில் இருந்த பிழையையும் தானே சொன்னார். அது தெரிந்தேதான் கூப்பிட்டேன் என்றாராம் முதல்வர்.

ஒய்யம்மாள் மலையை விட்டு இறங்கிய நாளில் ரஹ்மத் பீவி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாள்.  அன்றைக்கும் மேகம் இறங்கியிருந்தது. ஏழு ரோடு சந்திப்பைத் தாண்டும் முன்பே பஸ் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

ஒய்யம்மாள் இப்போது வத்தலக்குண்டுப் பக்கத்தில் அந்தப் பெண்கள் கல்லூரியில் நிரந்தர நூலகராக இருக்கிறார்.